முதல் எழுத்து மட்டும் போதும்

நம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் யாரோ ஒருவர் போன வாரம் கேட்டாராம். "இந்த ரெஜிஸ்டர்ல நிறம் எழுதுற கட்டம் மட்டும் ஏன் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு? ஒய், ஜின்னு போட்டா முடிஞ்சுதே?" கேட்டவர் யாரென்று பிரீத்தி எனக்குச் சொல்லவில்லை. இப்போது அவள்தான் உங்களுக்கு மேலதிகாரி, உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்தக் கட்டத்தை அகலமாக்கியது நான். அதற்கு முன் அதை ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்கி வைத்திருந்ததும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு நாள் இருக்கிறது. என் முப்பத்து மூன்று வருட வேலையில் மிகப் பெரிய முட்டாள்தனமும் மிகப் பெரிய வெற்றியும் அந்த ஒரு நாளில்தான் நடந்தன. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடலே இல்லாத பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கடல் ஆராய்ச்சி செய்கிறோம் என்று நம்மைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. என் வீடு ஜோகுபாளையத்தில். "தினமும் எங்க, அல்சூர் ஏரிக்கா வலை வீசப் போற?" என்று என் தம்பி இன்றைக்கும் கேட்பான். அதற்குப் பதிலை நான் வேறு இடத்தில் கொடுப்பேன். அவன் கல்யாண வீட்டில் தட்டு நிறைய இறால் வறுவல் போட்டுக்கொள்ளும்போது மட்டும் பக்கத்தில் போய் நின்று, அந்த இறால் எந்த மருந்தில் வளர்ந்திருக்கும் என்று விளக்கமாகச் சொல்வேன்.

விஷயம் அதுதான். இறால் குஞ்சுப் பண்ணைகளில் விப்ரியோ என்ற பாக்டீரியாக் குடும்பம் பெரிய தலைவலி. அதில் சில வகைகள் ஒன்றும் செய்யாது. சில வகைகள் நச்சை உண்டாக்கி இரண்டு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். அதற்குப் பயந்து பண்ணைக்காரர்கள் ஆன்டிபயாடிக்கைக் கொட்டுவார்கள். அது இறாலோடு சேர்ந்து நம் தட்டுக்கு வரும். அலையாத்திக் காட்டுச் சேற்றிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த ஒரு நல்ல பாக்டீரியா, அந்தப் பொல்லாத விப்ரியோவை இடம் பிடிக்க விடாமல் துரத்துவதை ஆய்வகத்தில் பார்த்திருந்தோம். எட்டாவது சோதனைத் தட்டில் கிடைத்ததால் அதற்கு எட்டாம் நம்பர் என்றே பெயர். நாலு வருடம் அதை ஒரு பிள்ளையைப் போல வளர்த்தோம்.

ஆய்வகத்துக் குடுவையில் ஜெயிப்பது வேறு, பண்ணைத் தொட்டியில் ஜெயிப்பது வேறு. எத்தனையோ பண்ணைகளைக் கேட்டுப் பார்த்தோம். எல்லோரும் காப்பி கொடுத்து அனுப்பி வைத்தார்கள். சரி என்று சொன்னவர் மரக்காணம் பக்கத்தில் சின்னப் பண்ணை வைத்திருந்த கலைவாணி ஒருவர்தான். கணவர் இறந்த பிறகு தனியாக நடத்தினார். மொத்தமே ஆறு தொட்டிகள். அந்த ஆறிலும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார். ஐந்தில் எங்கள் எட்டாம் நம்பர். ஒன்றில் எதுவும் போடாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தோம்.

"மேடம், இந்த வருசத்துக் குஞ்சு மொத்தமும் இதுல இருக்கு. உங்க பேச்ச நம்பி எறங்குறேன்" என்றார்.

நான் அப்போது, "கவலையே படாதீங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள் அந்த வார்த்தை.

குஞ்சுகளை வளர்ப்புக் குளங்களுக்கு விற்கும் முன் கடைசிப் பரிசோதனை. ஆறு தொட்டித் தண்ணீரும் ஐஸ் பெட்டியில் பெங்களூர் வந்தது. தொட்டிக்கு இரண்டு தட்டு, மொத்தம் பன்னிரண்டு. விப்ரியோ மட்டுமே வளரக்கூடிய மீடியாவில், அதாவது தட்டில் ஊற்றி உறைய வைத்த சத்துக் கூழில், பரப்பி மாலையில் இன்குபேட்டரில் வைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் சிலது மஞ்சளாக வளர்ந்திருக்கும், சிலது பச்சையாக. மஞ்சள் என்றால் நல்லது, பச்சை என்றால் ஆபத்து என்று பண்ணைகளில் ஒரு கணக்கு உண்டு. அது முழு உண்மை இல்லை. ஆனால் அந்தப் பண்ணைத் தண்ணீரைப் பல மாதம் பார்த்த பிறகு, அங்கே வரும் பொல்லாத வகை பச்சையாகத்தான் வளரும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை பார்த்து பந்த்.

அறிவித்தது முந்தின இரவு. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, மெட்ரோ இல்லை. நம் ஆய்வகம் அப்போது பொம்மனஹள்ளி தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது. வண்டியை எடுக்காதே என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிரீத்தி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள், ஹொசகோட்டையிலிருந்து வருபவள். அவளையும் வர வேண்டாம் என்றேன். ஆய்வகத்தில் இருந்த ஒரே ஜீவன் காவலாளி நஞ்சுண்டப்பா. வளாகத்திலேயே அவருக்கு ஓர் அறை உண்டு. கையில் பழைய பட்டன் போன், அதில் போட்டோ எடுக்க வழியில்லை. தமிழ் நன்றாகவே பேசுவார். எழுதப் படிக்கத் தெரிந்தது கன்னடம் மட்டும்.

நான் அவரை அழைத்தேன். செய்யக்கூடாத வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். "நஞ்சுண்டப்பா, இன்குபேட்டரைத் திறங்க. பன்னெண்டு தட்டு வரிசையா அடுக்கியிருக்கும். மூடியைத் தொறக்கவே கூடாது. வெளியே எடுத்து மேஜையில வெச்சு, ஒவ்வொண்ணும் என்ன நிறம்னு ரெஜிஸ்டர்ல அது அது நம்பருக்கு நேரா எழுதிடுங்க. அப்புறம் கையை சோப்பு போட்டுக் கழுவிடுங்க."

"கட்டம் சின்னதா இருக்கு மேடம்."

"அதனால என்ன, முதல் எழுத்து மட்டும் போதும்" என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இங்கிலீஷில் மஞ்சளுக்கு ஒய், பச்சைக்கு ஜி. தமிழில் ம, ப. எனக்குத் தமிழில்தான் யோசனை ஓடியது. கன்னடத்தில் பச்சைக்கு ஹசிரு. மஞ்சளுக்கு ஹளதி.

அதற்கு அடுத்த நாள் காலை முதல் ஆளாக ஓடி வந்தேன். ரெஜிஸ்டரைத் திறந்தால் பன்னிரண்டு கட்டத்திலும் முத்து முத்தாக ஒரே எழுத்து: ஹ. ஹ. ஹ. மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. கன்னடம் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். ஆனால் நான் காய் வாங்கும் கடையிலும் பூ வாங்கும் கடையிலும் மஞ்சள் நிறத்தை யாரும் ஹளதி என்று சொல்லி நான் கேட்டதில்லை. அரிசின என்பார்கள், மஞ்சள் கிழங்கின் பெயரையே நிறத்துக்கும் சொல்லிவிடுவார்கள். என் காதுக்கு மஞ்சள் என்றால் 'அ'. 'ஹ' என்றால் பச்சை. வேறு யோசனையே வரவில்லை.

சரி, தட்டுகளையும் ஒரு முறை பார்ப்போம் என்று மேஜைக்குப் போனேன். பன்னிரண்டும் பச்சை. இந்த மீடியாவில் மஞ்சளாக வளர்ந்ததை இன்குபேட்டரிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் நிறம் திரும்பிப் பச்சையாகத் தெரியும். இது எனக்குத் தெரியாதா? புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். பிரீத்திக்கு இரண்டு முறை சொன்னேன், திட்டியும் சொன்னேன். எடுத்து வெளியே வைக்கச் சொன்னதும் நான்தான். ஆனால் அந்த எழுத்து முதலில் என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு கண் போய் அதற்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்தது.

பத்து மணிக்கு அறிக்கை போய்விட்டது. ஆறு தொட்டியும் ஆபத்து, அழித்துவிட வேண்டும் என்று நானே கையெழுத்துப் போட்டேன். கலைவாணியை நானே அழைத்தும் சொன்னேன். அவர் அழவில்லை. "ஆறுமா மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஆறும் என்றேன். ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகளைத் தொட்டிக்கரைக்குத் தூக்கி வரச் சொல்வது போனில் கேட்டது. அவருடைய தண்ணீர் வெளியேறும் கால்வாயிலிருந்துதான் பக்கத்து இரண்டு பண்ணைகள் தண்ணீர் எடுக்கும். தாமதித்தால் அவர்களுக்கும் நோய் போகும். அதனால்தான் அவசரம்.

நாலு வருட உழைப்பு போனது எனக்கு வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த "ஆறுமா" என்ற சத்தம் அதைவிட அதிகமாகக் குத்தியது.

ரெஜிஸ்டரில் நிறம் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி. அதுவும் நான் போட்ட விதி. ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனேன். நஞ்சுண்டப்பா அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"அந்த மஞ்சா தட்டெல்லாம் என்ன ஆச்சு மேடம்? பார்க்க எவ்ளோ சென்னாகி, எவ்ளோ அழகா இருந்துச்சு!"

"எந்த மஞ்சள்?"

"ஏன், நீங்க எழுதச் சொன்னதுதான். மேல இருந்த ரெண்டு ஹசிரு. மிச்சம் பத்தும் ஹளதி. அரிசின அரைச்சு வெச்ச மாதிரி." எழுதியதை விரலால் தொட்டுக் காட்டினார். "ஹ, ஹ. அப்புறம் எல்லாம் ஹ."

மேலே இருந்த இரண்டு தட்டு, எட்டாம் நம்பர் போடாத அந்த ஒற்றைத் தொட்டியினுடையது. மிச்சம் பத்தும் எங்கள் பாக்டீரியா போட்டவை. இந்த மனுஷர் சொல்வது உண்மையென்றால் நாங்கள் தோற்கவில்லை. நாலு வருடமாக எதற்காகக் காத்திருந்தோமோ அது நேற்றுக் காலையில் இந்த மேஜை மேல் நடந்திருக்கிறது. அதைப் பார்த்த ஒரே ஆள் இவர்.

கலைவாணி போனை எடுக்கும் வரை அடித்த மணியை இன்றைக்கும் எண்ணிச் சொல்வேன், ஏழு.

"ஊத்தாதீங்க!" என்றேன்.

"மேடம், இன்னா வெளையாடுறீங்களா? இப்பதான ஊத்துன்னீங்க. மூட்டய அவுத்தாச்சு."

"நான் தப்பாப் படிச்சிருக்கலாம். சாயங்காலம் நாலு மணி வரை குடுங்க."

"நாலு மணி வரைக்கும் நான் சும்மா நின்னு, நெசமாவே நோயா இருந்தா? பக்கத்துப் பண்ணக்காரங்க மொகத்துல எப்படி முழிப்பேன்? தண்ணி அவங்களுக்கும் போவுது மேடம்."

அந்தக் கேள்வி நியாயமானது. ஊற்றச் சொன்னால் நல்ல குஞ்சுகள் லட்சக்கணக்கில் சாகும். வேண்டாமென்றால் மூன்று பண்ணைக்கும் ஆபத்து. பதற்றத்தில் நமக்கு இந்த இரண்டு வழிதான் கண்ணில் படும். எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது. பிறகு அவர் சொன்ன கடைசி வார்த்தையைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். தண்ணி அவங்களுக்கும் போவுது.

"வெளியேறுற வால்வை அடைச்சிடுங்க. ஆறும். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. தொட்டிக்குக் காத்து ஊதுற மெஷின் மட்டும் ஓடட்டும். அஞ்சாறு மணி நேரம் தண்ணி மாத்தலன்னா குஞ்சு தாங்குமா?"

கொஞ்சம் யோசித்தார். தொட்டியைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் தெரியும். "தாங்கும்" என்றார். "நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் இல்ல மேடம், நான் ஊத்திடுவேன்."

அடுத்தது டைரக்டர் அறை. கோபக்காரர் இல்லை. நல்ல மனிதர். அதனால்தான் சமாளிப்பது கஷ்டம். "காலையில சீல் வெச்சு அனுப்பின ரிப்போர்ட்டை மத்தியானம் வாபஸ் வாங்கினா, நாளைக்கு நம்ம ரிப்போர்ட்டை யார் மதிப்பா? அதுவும் வாட்ச்மேன் சொன்னார்னு!"

"சீல் நம்மளது சார். குஞ்சு அவங்களது" என்றேன். "இன்னொண்ணு, அவரைப் பார்க்கச் சொன்னது நான். நேத்து அவர் கண்ணை நம்பினேன். இன்னிக்கு அவர் வாயை நம்பக் கூடாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "வாபஸ் கடிதத்துல நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா நாலு மணிக்குள்ள ஆதாரம் வேணும்" என்றார்.

ஆதாரத்துக்கு ஒரே வழி பி.சி.ஆர். நச்சு உண்டாக்கும் மரபணு அந்த பாக்டீரியாவில் இருக்கிறதா இல்லையா என்று நேரடியாகச் சொல்லிவிடும். நிறம் எப்படி மாறினாலும் மரபணு மாறாது. நாலு மணி நேர வேலை. மணி அப்போது பதினொன்றே கால்.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. காலையில் பயத்தோடு படித்தேன், பச்சை தெரிந்தது. இப்போது ஆசையோடு படிப்பேன், மஞ்சள்தான் தெரியும். பிரீத்தியும் ஆசையோடுதான் இருந்தாள். அதனால் நஞ்சுண்டப்பாவை உள்ளே கூப்பிட்டேன். தட்டுகளில் இருந்த தொட்டி எண்ணை எல்லாம் காகிதம் ஒட்டி மறைத்து, அவர் இஷ்டத்துக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை புது எண் போடச் சொன்னேன். எந்த எண் எந்தத் தொட்டி என்ற பட்டியலை அவரே எழுதி, அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"முழுசா எழுதினீங்களா?" என்று கேட்டேன்.

"பூர்த்தி எழுதிருக்கேன் மேடம்" என்றார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

பிரீத்திக்குக் கை நடுங்கியது. இந்த வேலையில் நடுங்கும் கையால் ஒரு துளி இடம் மாறி விழுந்தால் போதும், எல்லாம் குழப்பம். போய் காப்பி குடித்துவிட்டு வா என்றேன். "மேடம், நேரம் இல்ல!" என்று கத்தினாள். நானும் பதிலுக்குக் கத்தினேன், எனக்குக் கத்துவது சுலபம். போய்க் குடித்துவிட்டு வந்தாள். கை நின்றது. பன்னிரண்டு குழாயையும் ஓடாமல், நிதானமாக, ஒவ்வொன்றாக நிரப்பினாள். அந்தப் பத்து நிமிடக் காப்பியை நான் என் வாழ்க்கையின் சிறந்த முடிவுகளில் ஒன்றாகச் சொல்வேன்.

மூன்றரைக்கு, பன்னிரண்டின் முடிவும் பதிந்த ஜெல் என்ற மெல்லிய கூழ்ப் பலகையை விளக்கின் மேல் வைத்தோம். நச்சு மரபணு இருந்தால் அந்த எண்ணுக்கு நேராக ஒரு வெளிச்சக் கோடு தெரியும். டைரக்டர் வந்து பின்னால் நின்றார். பன்னிரண்டில் இரண்டு கோடு. ஐந்தாம் எண், பதினொன்றாம் எண். மிச்சப் பத்தும் இருட்டு. அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஐந்தும் பதினொன்றும் யார்? நஞ்சுண்டப்பா சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு, ஒண்ணாம் தொட்டி." இரண்டு வரி கீழே போனார், நாலு வரி கீழே போனார். "பதினொண்ணு... ஒண்ணாம் தொட்டி."

எதுவும் போடாத தொட்டி. இரண்டு கோடும் அதிலிருந்து. எங்கள் எட்டாம் நம்பர் இருந்த ஐந்து தொட்டியிலும் பொல்லாத விப்ரியோவின் சுவடே இல்லை. பிரீத்தி குதித்தாள். டைரக்டர் நஞ்சுண்டப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை, ஜெயித்தால் அப்படித்தான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கலைவாணியை அழைத்தேன். "ஒண்ணாம் தொட்டிக்கு மட்டும் ஊத்துங்க. மத்த அஞ்சும் சுத்தம். என் தொழில்ல இவ்ளோ சுத்தமான தொட்டியை நான் பார்த்ததில்ல."

ஒன்றாம் தொட்டிக்கு மட்டும் ஊற்றும்படி அவர் ஆட்களிடம் சொல்வது போனில் கேட்டது. பிறகு கேட்டார், "எப்படி மேடம் தப்பாப் படிச்சீங்க?"

மறைக்காமல் சொன்னேன். ஹசிரு, ஹளதி, ஒரு விரல் அகலக் கட்டம், முதல் எழுத்து மட்டும் போதும் என்று நான் சொன்னது, எல்லாவற்றையும்.

"உங்களுக்கு அது ஒரு எழுத்து மேடம்" என்றார். "எனக்கு ஒரு வருசம்." திட்டியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தத் திட்டும் எனக்கு உறைத்ததில்லை.

அந்த ஐந்து தொட்டிக் குஞ்சும் விலைபோனது. குளத்தில் வளர்ந்து இறாலாகி வந்தபோது ஆன்டிபயாடிக் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த பருவத்தில், காப்பி கொடுத்து அனுப்பிய பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். முதலில் செய்தது கலைவாணியின் பக்கத்துப் பண்ணைக்காரர். எட்டாம் நம்பரைத்தான் இன்றைக்கு நீங்கள் பெரிய கலனில் வளர்க்கிறீர்கள். அதைப் பற்றி நாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் நஞ்சுண்டப்பாவின் பெயரை நான் போட்டேன். டைரக்டர் அதை வெட்டாமல் அப்படியே அனுப்பிவைத்தார்.

அறுவடை முடிந்ததும் கலைவாணியிடமிருந்து ஒரு தெர்மகோல் பெட்டி வந்தது. ஐஸுக்குள் பெரிய பெரிய இறால். பெட்டி எனக்கு என்று நினைத்து ஆசையாகத் திறந்தேன். மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது நஞ்சுண்டப்பாவுக்கு. அவரோ முட்டைகூடத் தொடாதவர். கேட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "இறால நீங்க எல்லாரும் சாப்பிடுங்க மேடம். மூடி மட்டும் எனக்குக் குடுங்க" என்றார்.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது.

"என்ன எழுதிருக்கு?"

"உங்க பேர்தான். பாருங்க, இது 'ந'" என்று அவர் பேரின் முதல் எழுத்தில் விரலை வைத்தேன்.

"முதல் எழுத்து மட்டும் போதாது மேடம்" என்றார் நஞ்சுண்டப்பா. "முழுசா படிங்க."

முழுசாகப் படித்தேன். 'மஞ்சளை மஞ்சள் என்று சொன்ன நஞ்சுண்டப்பா அண்ணனுக்கு, ஐந்து தொட்டியும் நன்றி சொல்கிறது.'